நாற்காலியைப் பார்த்து வாக்குறுதியை எடைபோடுங்கள்: அமெரிக்க வேட்பாளர்களும் அரசுப் பள்ளிகளும்

2024 நவம்பர் 5-ம் தேதி கென்டக்கி மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே டிரம்ப் 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: அரசுப் பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பணம் போக வழிவிட்டு மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தலாமா? மாநிலச் சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியினர் முன்நின்று கொண்டுவந்த திருத்தம் அது. கிட்டத்தட்ட 65 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். 120 கவுன்டிகளில் ஒன்றில்கூடத் திருத்தம் தேறவில்லை. டிரம்புக்கு ஓட்டுப் போட்ட கையே அவர் கட்சியின் கல்வித் திட்டத்தைத் தோற்கடித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அதே நாளில் நெப்ராஸ்காவிலும் இதே கதை. அங்கேயும் டிரம்ப் ஜெயித்தார். தனியார் பள்ளிக்குப் பணம் தரும் சட்டத்தை மக்கள் ரத்து செய்தார்கள்.

தேர்தல் வந்தால் பத்திரிகைகள் போடும் ஒப்பீட்டு அட்டவணை எல்லோருக்கும் தெரியும். இடப்பக்கம் ஒருவர் படம், வலப்பக்கம் இன்னொருவர் படம், நடுவில் ‘கல்வி’ என்று ஒரு வரி. ஒருவர் ‘ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துவேன்’ என்பார், மற்றவர் ‘பெற்றோருக்கு உரிமை தருவேன்’ என்பார். கென்டக்கியில் நடந்தது அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. காரணம், பள்ளி விஷயத்தில் அமெரிக்க வேட்பாளர் என்ன பேசுகிறார் என்பதைவிட, எந்த நாற்காலிக்கு நிற்கிறார் என்பதுதான் முக்கியம். அதைப் பார்க்காமல் பேச்சை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் பலகையில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. இங்கிலாந்திலும் ஈட்டன் போன்ற பணக்காரப் பள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர். அமெரிக்காவில் பப்ளிக் ஸ்கூல் என்றால் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் எந்தப் பிள்ளையையும் காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டிய பள்ளி. சுமார் 5 கோடிப் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். 13,000-க்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகள் இவற்றை நடத்துகின்றன. நாம் சொல்லும் மாவட்டம் வேறு, இது வேறு. சில சமயம் இரண்டு மூன்று ஊர்தான் ஒரு டிஸ்ட்ரிக்ட். ஹவாயில் மாநிலம் முழுக்க ஒரே டிஸ்ட்ரிக்ட்.

சரி, அதிபர் வேட்பாளரிடமிருந்து ஆரம்பிக்கலாம். கூட்டம் அவருக்குத்தான், தொலைக்காட்சி நேரமும் அவருக்குத்தான். ஆனால் பள்ளிச் செலவில் வாஷிங்டனிலிருந்து வருவது சாதாரண வருடங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தை மாநில அரசும் உள்ளூர் வரியும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி சுமக்கின்றன. பாடத்திட்டத்தை அதிபர் வகுக்க முடியாது. கல்வித் துறை அதில் கைவைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2016 தேர்தலில் ‘காமன் கோர் பாடத் தரத்தை ஒழிப்பேன்’ என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். எந்த வகுப்பில் பிள்ளை என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுத்த பொது அளவுகோல் அது. அதை ஏற்றுக்கொண்டவை மாநிலங்கள், கைவிட வேண்டியவையும் மாநிலங்கள். ஏற்றுக்கொள்ளும்படி ஒபாமா அரசு பண ஆசை காட்டியது உண்மைதான். ஆனால் அதிபர் ஒரு கையெழுத்தில் ஒழிக்கக்கூடிய பொருள் அது இல்லை.

‘கல்வித் துறையை மூடுவேன்’ என்ற வாக்குறுதிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கார்ட்டர் 1979-ல் கையெழுத்திட்ட சட்டத்தால் பிறந்த துறை அது. 1980-ல் ரீகன் அதை ஒழிப்பதாகச் சொல்லி ஜெயித்தார், எட்டு வருடம் ஆண்டார், துறை அப்படியே இருந்தது. அது மட்டுமில்லை, அவருடைய அமைச்சர் அமைத்த குழு 1983-ல் ‘நாடு ஆபத்தில் இருக்கிறது’ என்று பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்து, வாஷிங்டன் இன்னும் அதிகமாகத் தலையிட வேண்டும் என்ற எண்ணத்தை நாடு முழுக்கப் பரப்பிவிட்டது. ஒழிக்கப் போனவரே உரம் போட்டார். டிரம்ப் 2025 மார்ச்சில் துறையை மூட ஏற்பாடு செய்யச் சொல்லி ஆணை போட்டார். ஆட்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டார்கள், உச்ச நீதிமன்றமும் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் துறையையே ஒழிக்க காங்கிரஸ் சட்டம் போட வேண்டும். செனட்டில் அதற்கு நடைமுறையில் 60 ஓட்டு வேண்டும்.

இதை வைத்து அதிபரால் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தப் பத்தில் ஒரு பங்கு விழும் இடம் முக்கியம். 1965-ல் லிண்டன் ஜான்சன், தான் சிறு வயதில் படித்த டெக்சாஸ் கிராமத்து ஓரறைப் பள்ளிக்கு வெளியே, தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று உண்டு. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தரும் ‘டைட்டில் ஒன்’ அதிலிருந்து வருவதுதான். 1975-ல் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சட்டம் வந்தது. அவர்களுக்கு ஆகும் கூடுதல் செலவில் 40 சதவீதம் வரை வாஷிங்டன் ஏற்கும் என்று அதில் இருக்கிறது. இன்றுவரை அந்த அளவை எட்டியதே இல்லை, பாதிகூட வருவதில்லை. ‘முழு நிதி தருவேன்’ என்று இரண்டு கட்சி வேட்பாளர்களும் தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்களே, பெரும்பாலும் இந்த 40 சதவீதத்தைத்தான் சொல்கிறார்கள். அரை நூற்றாண்டாகத் தீராத கடன். அதைப் புதுசு போலப் பேசுபவரிடம் எந்த வரியிலிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பணம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள சான் அன்டோனியோ நகரத்துக்குப் போக வேண்டும். அங்கே 1968-ல் எட்ஜ்வுட் என்ற டிஸ்ட்ரிக்டின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். தகுதி பெற்ற ஆசிரியர் இல்லை, கட்டடம் ஓட்டை உடைசல். அதற்குப் பின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். விமானப் படைத் தளத்தில் தகரத் தொழிலாளியாக வேலை பார்த்த டிமெட்ரியோ ரோட்ரிகெஸ் என்பவரின் பெயரில் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் வந்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

எட்ஜ்வுட்டில் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைகள். 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். சொத்தே குறைவு என்பதால் அந்த வரியிலிருந்து ஒரு பிள்ளைக்கு 26 டாலர்தான் தேறியது. அதே நகரத்தில் அலமோ ஹைட்ஸ் என்ற வசதியான பகுதி. அங்கே வரி 85 சென்ட்தான், ஒரு பிள்ளைக்குக் கிடைத்ததோ 333 டாலர். அதிகம் கட்டியவன் பிள்ளைக்கு 26, குறைவாகக் கட்டியவன் பிள்ளைக்கு 333. மாநில அரசு இந்தப் பள்ளத்தை நிரப்பியிருக்கும் என்றுதானே நினைப்போம்? மாநிலம் எட்ஜ்வுட்டுக்குத் தந்தது பிள்ளைக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸுக்கு 225. மூன்று டாலர் கூடுதலாகப் பணக்காரர் பக்கமே போயிருக்கிறது. வாஷிங்டன் பணத்தையும் சேர்த்தால் எட்ஜ்வுட் பிள்ளைக்கு 356, அலமோ ஹைட்ஸ் பிள்ளைக்கு 594.

உச்ச நீதிமன்றம் 1973-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ரோட்ரிகெஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கல்வி, அமெரிக்க அரசியல் சட்டம் உறுதி செய்யும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அந்த நாளோடு பள்ளிப் பணச் சண்டை வாஷிங்டனைவிட்டு மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநில நீதிமன்றங்களுக்கும் இடம் மாறியது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே கல்வியைப் பற்றி நிஜமாகவே கவலைப்படுகிற வாக்காளர் கூர்ந்து கேட்க வேண்டியது, நம்மூர் முதல்வர் மாதிரி மாநிலத்தை ஆளும் ஆளுநர் பதவிக்கு நிற்கும் வேட்பாளரையும், யாரும் பெயர்கூட நினைவில் வைக்காத மாநிலச் சட்டமன்ற வேட்பாளரையும்.

இன்னொன்று. வேட்பாளரின் கல்வி நிலைப்பாடு பல நேரம் ‘கல்வி’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதே இல்லை, ‘வரி’ என்ற தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கும். ‘சொத்து வரியை ஒழிப்பேன்’ என்று டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் பேசும்போது கைதட்டல் பலமாகக் கிடைக்கிறது. சொத்து வரியில் பெரிய பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாநிலத்தில், வேறு எங்கிருந்து பணம் வரும் என்று சொல்லாமல் அதை ஒழிப்பேன் என்பதுதான் அந்த வேட்பாளர் கல்வியைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய வாக்கியம். கலிஃபோர்னியா 1978-ல் ‘ப்ரபசிஷன் 13’ என்ற மக்கள் வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டது. அதை ஆதரித்தவர்கள் பள்ளியை எதிர்த்துப் பேசவில்லை, வீட்டு வரியைப் பற்றித்தான் பேசினார்கள். பள்ளிப் பணத்தின் கடிவாளம் அதற்குப் பின் ஊர்களின் கையைவிட்டு மாநிலத்தின் கைக்குப் போய்விட்டது.

ஜனநாயகக் கட்சியின் பக்கமும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். சமத்துவம் பேசும் பணக்காரப் புறநகர்ப் பகுதிகளில், ‘உங்கள் ஊர்ச் சொத்து வரியில் கொஞ்சம் பக்கத்து ஏழை ஊருக்குத் தரலாமா’ என்று கேட்டுப் பாருங்கள், குரல் இறங்கிவிடும். நம் ஆட்களும் விதிவிலக்கில்லை. அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பம் அடுப்படியைப் பார்ப்பதற்கு முன் ஸ்கூல் ரேட்டிங்கைத்தான் பார்க்கிறது. பள்ளி நன்றாக இருப்பதால் வீட்டு விலை ஏறுகிறது, விலை ஏறியதால் வரி கொழிக்கிறது, வரி கொழிப்பதால் பள்ளி இன்னும் நன்றாகிறது. இந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கட்சியிலும் இருக்கிறார்கள்.

அடுத்து வவுச்சர். அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுவது, அவர்கள் தனியார் பள்ளிக்குக் கட்டிக்கொள்ளலாம் என்பது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-லேயே இந்த யோசனையை முன்வைத்தார். ஆனால் நடைமுறைக்கு வந்த விதம் இப்போதைய கட்சிக் கோடுகளுக்குள் அடங்காது. 1990-ல் மில்வாக்கி நகரத்தில் இன்றைய வவுச்சர் திட்டங்களுக்கு வழிகாட்டியான திட்டம் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தியவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். கைகோத்தவர் டாமி தாம்ப்சன் என்ற குடியரசுக் கட்சி ஆளுநர். நகரத்து அரசுப் பள்ளிகள் தங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டன என்று கொதித்த ஏழைப் பெற்றோருக்கான சின்னத் திட்டம் அது; முதல் வருடம் சேர்ந்தவர்கள் நானூறு பேர்கூட இல்லை. பிற்காலத்தில் வருமான வரம்பை உயர்த்தி வசதியானவர்களையும் சேர்க்க முயன்றபோது அதே பாலி வில்லியம்ஸ் எதிர்த்தார். வவுச்சரை ஆதரிக்கிறார், எதிர்க்கிறார் என்று ஒற்றைச் சொல்லில் ஒரு வேட்பாளரைக் குறித்துவைத்தால் எவ்வளவு நழுவிப்போகும் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

சார்ட்டர் பள்ளியும் அப்படித்தான். அரசுப் பணத்தில், டிஸ்ட்ரிக்டின் பிடியில்லாமல், தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி. 1988-ல் இந்த யோசனையைப் பிரபலமாக்கியவர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர். சில வருடங்களில் அது போன போக்கைப் பார்த்து அவரே விலகிக்கொண்டார். முதல் சட்டம் 1991-ல் மினசோட்டாவில் வந்தது. ஒபாமா சார்ட்டர் பள்ளிகளை ஆதரித்தார், சங்கங்கள் முறைத்தன. அடுத்து வந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் அந்தப் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான மாசசூசெட்ஸில் 2016-ல் சார்ட்டர் பள்ளிகளின் எண்ணிக்கையை உயர்த்தலாமா என்று கேட்டபோது 62 சதவீதம் பேர் முடியாது என்றார்கள்.

வவுச்சர் விஷயத்தில் மிகவும் விளக்கமான பாடம் டெக்சாஸ். ஆளுநர் கிரெக் ஆபட், மாநிலம் முழுக்க வவுச்சர் வேண்டும் என்று 2023 முழுக்க நின்றார். பள்ளிகளுக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை 2019-லிருந்து பிள்ளைக்கு 6,160 டாலரிலேயே நின்றிருந்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. தொகையை உயர்த்தலாம், ஆசிரியர் சம்பளத்தையும் உயர்த்தலாம், ஆனால் வவுச்சரோடு சேர்த்துத்தான் என்றார் ஆளுநர். அந்த வருடம் நவம்பரில் மசோதாவிலிருந்து வவுச்சரை நீக்க 84-க்கு 63 என்று ஓட்டு விழுந்தது. நீக்கச் சொன்னவர்களில் 21 பேர் ஆளுநரின் சொந்தக் கட்சி. வவுச்சரும் போயிற்று, சம்பள உயர்வும் போயிற்று.

அந்த 21 பேரில் பலர் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள். அவர்களைப் புரிந்துகொண்டால் கென்டக்கியும் புரியும். டெக்சாஸ் மேற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரை நினைத்துப் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் தனியார் பள்ளியே இல்லை. ஊரில் அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பதே பள்ளிக்கூடம்தான்: ஆசிரியர், பஸ் டிரைவர், சமையல்காரர், எழுத்தர். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே கூடுவது பள்ளி மைதானத்தில் நடக்கும் ஃபுட்பால் ஆட்டத்துக்கு. இந்த ஊருக்கு வவுச்சர் என்றால் போக இடமில்லாத டிக்கெட். டல்லாஸ் புறநகரில் தனியார் பள்ளிக்கு ஏற்கெனவே கட்டணம் கட்டுகிற குடும்பத்துக்குத் தங்கள் வரிப்பணம் போகும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த அர்த்தம்.

அப்புறம் நடந்தது தேர்தல். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2024 பிரைமரி தேர்தலில் ஆபட் தன் கட்சிக்காரர்களுக்கு எதிராகவே ஆட்களை நிறுத்தினார். பென்சில்வேனியா பணக்காரர் ஜெஃப் யாஸ் அவருக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தார். விளம்பரங்களில் பெரும்பாலும் எல்லைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார்கள், வவுச்சர் பெயர் அதிகம் அடிபடவில்லை. எதிர்த்து நின்ற பலர் தோற்றார்கள். 2025-ல் மசோதா திரும்பி வந்தபோது அவையில் எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர். மே மாதம் ஆபட் கையெழுத்திட்டார்: 100 கோடி டாலர் திட்டம், 2026-27 கல்வி ஆண்டிலிருந்து. கென்டக்கியில் மக்களிடம் நேராகக் கேட்டார்கள், தோற்றது. டெக்சாஸில் மக்களிடம் தனியாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஜெயித்தது. அரிசோனாவில் இரண்டும் நடந்தது: 2018-ல் மக்கள் ஓட்டில் விரிவாக்கம் தோற்றது, 2022-ல் சட்டமன்றம் அதைவிடப் பெரியதாக, வருமான வரம்பே இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. முதலில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானவர்கள் அரசுப் பள்ளியில் படித்தே இராத பிள்ளைகள். அவர்கள் அரசுப் பள்ளியிலிருந்து தப்பிப் போனவர்கள் அல்ல, ஏற்கெனவே வெளியே இருந்தவர்கள்.

ஆகவே ‘பெற்றோரின் தேர்வுரிமை’ என்று ஒரு வேட்பாளர் சொன்னால், நான் கவனிப்பது அடுத்த வாக்கியத்தை. வருமான வரம்பு உண்டா? பணம் வாங்கும் தனியார் பள்ளி ஒரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்லலாமா? மாற்றுத்திறனாளிக் குழந்தையைத் திருப்பி அனுப்பலாமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வை அங்கேயும் எழுத வேண்டுமா? பள்ளி பிள்ளையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் அது பெற்றோரின் தேர்வுரிமை அல்ல, பள்ளியின் தேர்வுரிமை. அதே மாதிரி எதிர்ப்பக்கத்தில் ‘அரசுப் பள்ளியைக் காப்பேன்’ என்பவரிடம், மூன்றாம் வகுப்பில் படிக்கத் தெரியாமல் தேங்கி நிற்கும் பிள்ளையின் அம்மாவுக்கு அடுத்த ஜூனுக்குள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். மில்வாக்கியில் 1990-ல் பெற்றோர் கேட்டது அதுதான். பதில் வராததால்தான் அவர்கள் வவுச்சர் பக்கம் போனார்கள்.

தேர்வும் மதிப்பெண்ணும் என்ற பெரிய சண்டையை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். 2002-ல் புஷ் கையெழுத்திட்ட ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டத்தை ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடி தோளோடு தோள் நின்று கொண்டுவந்தார். 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேறிவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். எந்த மாநிலமும் எட்டவில்லை. 2015-ல் ஒபாமா அதிகாரத்தைப் பெரும்பாலும் மாநிலங்களுக்கே திருப்பிக் கொடுத்தார். அதிபர் நாற்காலி பள்ளிக்குள் எவ்வளவு தூரம் கை நீட்ட முடியும் என்று பார்த்த பெரிய முயற்சி அது. இரண்டு கட்சியும் சேர்ந்தே பார்த்தது, சேர்ந்தே பின்வாங்கியது.

வாக்குச்சீட்டில் அடியில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது: ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் குழுவான ஸ்கூல் போர்டு. எந்தப் பள்ளியை மூடுவது, எந்த நூலைப் பள்ளி நூலகத்தில் வைப்பது, யாரைக் கண்காணிப்பாளராக நியமிப்பது, பஸ் எந்தத் தெருவுக்கு வரும் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. பல இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி அடையாளம் இருக்காது, தேர்தலும் அதிபர் தேர்தலோடு சேராமல் தனியாக, ஆளரவமில்லாத ஒரு மாதத்தில் வரும். ஓட்டுப் போட வருபவர்கள் சொற்பம். சில நூறு ஓட்டில் ஆள் மாறும். 2022 பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று போர்டு உறுப்பினர்களைப் பதவிக்காலம் முடிவதற்குள் மக்கள் திருப்பி அழைத்தார்கள். தொற்றுக்காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பள்ளிகளின் பெயரை மாற்றுவதில் போர்டு காட்டிய மும்முரம் பெற்றோரைக் கடுப்பேற்றியிருந்தது. நாட்டின் தீவிர ஜனநாயகக் கட்சி நகரங்களில் ஒன்று அது. அந்தக் கோபத்துக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை.

சொத்து வரி கட்டுகிறோம், பிள்ளை அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது, ஆனால் எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பதால் ஓட்டு இல்லை என்பது அங்கிருக்கும் எத்தனையோ தமிழ் வீடுகளின் நிலைமை. சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற ஒருசில ஊர்களில் மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. 2016-ல் சான் ஃபிரான்சிஸ்கோ மக்கள், குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். வழக்கு வந்தது, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதித்தது. அவர்களுக்குத் தனிப் படிவம், ஸ்கூல் போர்டு ஒன்று மட்டும் அச்சிட்ட தனி வாக்குச்சீட்டு. பதிவு செய்யப் போனால், நீங்கள் தரும் பெயரும் முகவரியும் குடியேற்றத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று நகராட்சியே ஓர் எச்சரிக்கையை முன்னால் நீட்டுகிறது. அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.